குருதியின் சாட்சியும் மூச்சின் சாட்சியும்

நம் காலத்துக் கற்றோர் மருத்துவத்தின் மீது கொண்டுள்ள நம்பிக்கைகளுள் மிக ஆழமானது, குருதி பொய் சொல்லாது என்பதாகும். நோயாளி மிகைப்படுத்தலாம், மறைக்கலாம், மறந்துவிடலாம். வைத்தியரின் காதும் தவறிக் கேட்கலாம். ஆய்வுகூடத்திலிருந்து வரும் தாளில் அச்சாகியிருக்கும் எண் மட்டும் பக்கஞ்சாராது நின்று உண்மை உரைக்கும் என எண்ணுகிறோம். இந்நம்பிக்கை கடந்த இரண்டு தசாப்தங்களில் ஆஸ்துமா நோயின் மீது பெருவேகத்துடன் திரும்பியுள்ளது. சிறிதளவு குருதியிலுள்ள கலங்களையும் புரதங்களையும் அளந்து, இன்னார்க்கு இவ்வகை ஆஸ்துமா, இன்னார்க்கு இம்மருந்து என வகுத்துவிடலாம் என்பதே அதன் சாரம். இவ்வாறு அளக்கப்படுவனவற்றைக் குருதிக் குறிகாட்டிகள் என்பர்.

இக்கட்டுரை குருதிப் பரிசோதனைக்கு எதிராக எழுதப்படுவதன்று. அப்பரிசோதனை தரும் எண்ணைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கி நீதிபதியின் ஆசனத்தில் ஏற்றிவைக்கும் மனப்பாங்குக்கு எதிராக எழுதப்படுவது.

கலைப்பீட மாணவனொருவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று மருத்துவபீட நண்பர்கள் வினவக்கூடும். குருதியிலுள்ள கலங்களை எண்ணுவது அவர்களது தொழில். அதில் நாம் தலையிடுவதற்கில்லை. ஆனால், எண்ணிய பின்னர் 'இதற்கு மேலிருப்பவர் ஒரு வகை, இதற்குக் கீழிருப்பவர் வேறொரு வகை' என்று கோடு கீறுவது இயற்கையின் செயலன்று. அது மனிதர் செய்யும் வகைப்படுத்தல். வகைப்படுத்தலிலே சொல்லும் உண்டு, பணமும் உண்டு, அதிகாரமும் உண்டு. இவை மூன்றையும் ஆராய்வது கலைப்பீடத்தின் பணியன்றெனில் அப்பீடத்தின் பணிதான் யாது?

முதலிற் சொல்லை நோக்குவோம். 'ஆஸ்துமா' என்பது மூச்சிரைத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழிலே இரைப்பு, ஈளை, இழுப்பு எனவும், யாழ்ப்பாணத்து வழக்கிலே தொய்வு, முட்டு எனவும் கூறுவர். இப்பெயர்கள் யாவும் நோயாளி உணர்ந்ததிலிருந்தோ, அருகிலிருந்தோர் காதாற் கேட்டதிலிருந்தோ பிறந்தவை. மருத்துவம் இத்துணை வளர்ந்த பின்னரும் இந்நோயின் வரைவிலக்கணம் அவ்விடத்தை விட்டுப் பெரிதும் நகரவில்லை என்பது மனங்கொளத்தக்கது. காலத்துக்குக் காலம் கூடிக் குறையும் இரைப்பு, இருமல், நெஞ்சிறுக்கம், மூச்சுத்திணறல் ஆகியனவும், ஊதிப் பார்க்கும் கருவியில் தென்படும் கூடிக் குறையும் காற்றோட்டத் தடையுமே இன்றும் ஆஸ்துமாவை நிர்ணயிக்கின்றன. 'உமக்கு ஆஸ்துமா உண்டு' என்றோ 'இல்லை' என்றோ முடிவாகக் கூறவல்ல குருதிப் பரிசோதனை எதுவும் இன்றுவரை கிடையாது. குருதியைப் பற்றிய ஆரவாரத்தில் அமிழ்ந்துபோகும் முதல் உண்மை இதுவே.

அவ்வாறெனின் குருதி கூறுவது யாது? அதன் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். 1879 இல் ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிச், இயோசின் என்னும் செந்நிறச் சாயத்தை விரும்பி ஏற்கும் மணிகளைக் கொண்ட ஒருவகை வெண்குருதிக் கலங்களை இனங்கண்டு விவரித்தார். இயோசின்நாடிகள் என்று நம் பாடநூல்கள் கூறுவன இவையே. ஆஸ்துமா நோயாளர் பலரிடம் இவை மிகுந்து காணப்படுவது பின்னர் தெரியவந்தது. 1921 இல் பிரவுஸ்னிட்சும் கூஸ்ற்னரும் நிகழ்த்திய பரிசோதனை மற்றொரு வழியைத் திறந்தது. மீன் ஒவ்வாத கூஸ்ற்னரின் குருதித் தெளியத்தைப் பிரவுஸ்னிட்சு தமது தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீனின் சாற்றை ஏற்றியபோது தோல் தடித்தது. ஒவ்வாமையைக் காவிச் செல்லும் ஏதோவொன்று குருதியில் உண்டென்பது அதனால் நிறுவப்பட்டது. அந்த 'ஏதோவொன்று' இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் பிறபொருளெதிரி என்பதை 1966 இலும் 1967 இலும் அமெரிக்காவிற் பணியாற்றிய இஷிசாக்கா தம்பதியரும், சுவீடனைச் சேர்ந்த யொஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். இவை மகத்தான சாதனைகள். இவற்றைச் சிறுமைப்படுத்துவது அறியாமையாகும்.

எதிர்வாதத்தின் வலிமையான பகுதியையும் மறைக்காது கூறுவதே நேர்மை. 1958 இல் இங்கிலாந்தின் டேர்பி நகர வைத்தியர் ஹரி மொரோ பிரவுன், ஸ்டீரொயிட் மருந்து சில ஆஸ்துமா நோயாளருக்குப் பயன்படுவதும் வேறு சிலருக்குப் பயன்படாதிருப்பதும் ஏனென்று ஆராய்ந்தார். கபத்தில் இயோசின்நாடி உள்ளவருக்கே அது பயன்படுகிறது என்று காட்டினார். அரை நூற்றாண்டு கழித்து இக்கதை மீண்டும் நிகழ்ந்தது. இயோசின்நாடிகளை வளர்க்கும் இன்டர்லியூக்கின்-5 என்னும் புரதத்தைத் தடுக்கும் மெப்போலிசுமாப் என்ற மருந்தை 362 நோயாளருக்கு வேறுபாடின்றிக் கொடுத்துச் செய்த பரிசோதனை, குறிப்பிடத்தக்க பயன் இல்லை என 2007 இல் முடிவுற்றது. 2009 இல், ஒன்று 61 பேரையும் மற்றொன்று 20 பேரையும் கொண்ட இரு சிறு ஆய்வுகள், இயோசின்நாடி மிகுந்தவரை மட்டும் தெரிந்தெடுத்து அதே மருந்தைக் கொடுத்தன. நோயின் கடுந்தாக்குதல்கள் குறைந்தன. பயனற்றதென ஒதுக்கப்படவிருந்த மருந்து 2015 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறிகாட்டி இல்லையேல் இம்மருந்து இல்லை. ஆண்டுக்கணக்காக ஸ்டீரொயிட் குளிசைகளை விழுங்கி எலும்பு நலிந்தோர் பலர் அதனால் விடுதலை பெற்றனர் என்பதும் மறுக்கற்பாலதன்று.

ஆயினும் இவ்வரலாறு நிறுவுவது எதனை என்று கூர்ந்து நோக்குதல் வேண்டும். 'இம்மருந்து யாருக்குப் பயன்படும்?' என்ற வினாவுக்குக் குருதி விடை தந்தது. 'யார் நோயாளி?', 'யாருடைய நோய் கடுமையானது?', 'யாருக்கு முதலில் உதவி கிடைக்கவேண்டும்?' என்ற வினாக்கள் வேறு. முதல் வினாவுக்குக் கிடைத்த விடையை ஏனைய வினாக்களுக்கும் உரிய விடையாகப் பரப்புவதே நாம் கண்டிக்கும் தவறு. மருந்தைத் தெரிவதற்கென்று செய்யப்பட்ட கருவி, மனிதரைத் தெரிவதற்கான கருவியாக மாற்றப்படுகிறது.

இது வெறும் அச்சமன்று. மெப்போலிசுமாப் மருந்தின் கதையையே மேலும் தொடர்வோம். ஒரு மைக்கிரோலீற்றர் குருதியில் தற்போது 150 இயோசின்நாடிகள், அல்லது கடந்த ஓராண்டுக்குள் ஒருதரமாவது 300, என்பதே அம்மருந்தின் பெரும் பரிசோதனையொன்றில் நோயாளரைச் சேர்க்கக் கொள்ளப்பட்ட அளவு. இங்கிலாந்தின் சுகாதார சேவையில் எம்மருந்து கொடுத்த பணத்துக்குப் பெறுமதியானது என்று ஆராயும் நைஸ் நிறுவனம் 2017 இல் வேறொரு கோட்டைக் கீறியது. 300 கலங்கள் இருத்தல் வேண்டும். அத்துடன் ஸ்டீரொயிட் தேவைப்பட்ட தாக்குதல்கள் ஆண்டில் நான்காவது நிகழ்ந்திருத்தல் வேண்டும். 2021 இல் கோடு மீண்டும் நகர்ந்தது. 400 கலங்கள் இருப்பின் மூன்று தாக்குதல்களே போதும் என்றாயிற்று. 2017 இற்கும் 2021 இற்கும் இடையில் மனிதக் குருதியின் இயல்பு மாறிவிட்டதா? இல்லை. 100 மில்லிகிராம் ஊசியொன்றின் பட்டியல் விலை 840 பவுண். நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடவேண்டிய அவ்வூசிக்கு ஆண்டொன்றுக்குப் பத்தாயிரம் பவுணுக்கு மேலாகும். கம்பனி எவ்வளவு கழிவு தருகிறது என்பது இரகசியம். 300, 400 என்ற எண்களின் உள்ளே விஞ்ஞானம் மட்டுமன்றி, இந்தக் கணக்கும் இருக்கிறது.

பணம் எல்லையற்றதன்று, யாருக்குக் கொடுப்பதென்று எங்கோ ஒரு கோடு கீறித்தானே ஆகவேண்டும் என்று கூறுவர். உண்மையே. குருதியமுக்கத்துக்கும் நீரிழிவுக்கும் கோடு கீறாமல் மருத்துவம் நடவாது. நைஸ் நிறுவனம் தன் கணக்கை விளக்கி அறிக்கை வெளியிடுகிறது என்பதும் அதற்குரிய பெருமையே. நமது முறைப்பாடு கோடு கீறுவதைப் பற்றியதன்று. கணக்காளரும் கம்பனியும் வைத்தியரும் கூடிப் பேரம்பேசிக் கீறிய கோட்டை, அது கடல்கடந்து வரும்போது இயற்கையே கீறிய கோடென்று நாம் வணங்குவதைப் பற்றியது. 280 உடைய ஒருத்தி 300 உடைய இன்னொருத்தியிலும் குறைவாக மூச்சுத்திணறுகிறாள் என்று எந்த ஆய்வும் கூறவில்லை. கோட்டுக்குக் கீழே நிற்பவளுக்கு 'உமக்கு இம்மருந்து வாங்க எங்களிடம் பணம் இல்லை' என்று கூறுவது உண்மை. 'உமது குருதியில் ஒன்றும் இல்லை' என்று கூறுவது பொய். குருதியின் பெயரால் இப்பொய் மிக இலகுவாகச் சொல்லப்படுகிறது.

இனி, குறிகாட்டிகள் அனைத்தும் வென்றனவுமல்ல. பெரியோஸ்டின் என்னும் புரதத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்று. இன்டர்லியூக்கின்-13 ஐத் தடுக்கும் லெப்ரிகிசுமாப் என்ற மருந்து, குருதியில் பெரியோஸ்டின் மிகுந்த ஆஸ்துமா நோயாளருக்குக் கூடிய பயன் தருகிறதென 219 பேரைக் கொண்ட ஆய்வொன்று 2011 இற் கூறியபோது, ஆஸ்துமாவுக்குத் தனக்கென ஒரு குருதிப் பரிசோதனை கிடைத்துவிட்டதெனப் பலர் மகிழ்ந்தனர். 2016 இல் வெளியான இரு பெரும் பரிசோதனைகளுள் ஒன்றில் பயன் தென்பட்டது. மற்றதில் அது நிறுவப்படவில்லை. ஆஸ்துமாவுக்கு அம்மருந்து வரவேயில்லை. பின்னாளில் அது தோலழற்சிக்கு அனுமதிக்கப்பட்டது. வளரும் பிள்ளைகளின் எலும்பிலிருந்தும் பெரியோஸ்டின் சுரப்பதால் அவர்களிடம் அது இயல்பாகவே மிகுந்திருக்கும் என்ற எளிய உண்மையும் அந்த ஆரவாரத்தில் உரத்துச் சொல்லப்படவில்லை. மறுபுறத்தில், 2021 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டெசெபெலுமாப் என்னும் மருந்துக்குக் குறிகாட்டி எதுவும் நிபந்தனையாக்கப்படவில்லை. இயோசின்நாடி குறைந்தவரிலும், பயன் சற்றுக் குறைவாயினும், அது தாக்குதல்களைக் குறைத்தது. 'குருதியில் ஒன்றும் இல்லை' என்று ஒதுக்கப்பட்டோரிடமும் மாற்றக்கூடிய ஏதோவொன்று இருந்தது என்பதன்றி இதற்கு வேறென்ன பொருள்?

எண்ணும் நிலையானதன்று. இயோசின்நாடிகள் இரவிற் கூடும், காலையிற் குறையும். ஸ்டீரொயிட் குளிசை எடுத்த சில மணிநேரத்தில் அவை மறைந்துபோகும். ஆகவேதான், ஒருமுறை குறைந்திருப்பதைக் கொண்டு தீர்ப்பு வழங்காது மூன்று முறை வரை மீளச் சோதிக்குமாறு ஜீனா எனப்படும் சர்வதேச ஆஸ்துமா அமைப்பு கடும் ஆஸ்துமா பற்றிய தனது வழிகாட்டியில் அறிவுறுத்துகிறது. குருதியின் சாட்சியத்தைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும் என்பதை விஞ்ஞானமே ஏற்றுக்கொண்டுள்ளது. அதை ஏற்காதோர் விஞ்ஞானத்தின் பெயரால் உரத்துப் பேசுவோரே.

வெப்பவலய நாடுகளைச் சேர்ந்தோர் இதனை மேலும் கருத்திற் கொள்ளவேண்டியவராவர். குடற்புழுக்களும் பிற ஒட்டுண்ணிகளும் இயோசின்நாடிகளையும் இம்யூனோகுளோபுலின்-ஈ இன் அளவையும் உயர்த்தவல்லன. இரவில் இருமலும் இரைப்புமாக வந்து, குருதியில் இயோசின்நாடி பன்மடங்கு பெருகிக் காணப்படும் நோயொன்றை 1943 இல் வைன்கார்ட்டன் 'வெப்பவலய இயோசின்நாடி மிகை' எனப் பெயரிட்டு விவரித்தார். பார்வைக்கு ஆஸ்துமாவே போன்ற அந்நோய், யானைக்காலை உண்டாக்கும் பைலேரியாப் புழுவுக்கு உடல் காட்டும் எதிர்ப்பென்பது பின்னர் தெளிவாயிற்று. அதற்கு மருந்து புழுவைக் கொல்லும் குளிசை. யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் நீங்கிவிட்டதென உலக சுகாதார ஸ்தாபனம் 2016 இல் சான்றளித்தது நமக்குப் பெருமை. எனினும் பாடம் எஞ்சியுள்ளது. ஒரே எண், ஒரு மண்ணில் ஒன்றையும் வேறொரு மண்ணில் வேறொன்றையும் பேசவல்லது. பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் மருந்துப் பரிசோதனைகளில் உருவான 150 ஐயும் 300 ஐயும் நம் கிராமத்துப் பிள்ளையின் குருதிக்கு அப்படியே பொருத்துவது விஞ்ஞானமன்று. இரவல் வாங்கிய அதிகாரம்.

ஆஸ்துமா என்ற பெயரையே ஒரு தொகுப்புப் பெயராகக் கொண்டு, நோயைச் சிகிச்சைக்கு இசையும் கூறுகளாகப் பிரித்து நோக்கவேண்டும் என்று லான்செட் சஞ்சிகை அமைத்த ஆணைக்குழுவொன்று 2018 இல் வாதிட்டது. இவ்வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அக்கூறுகளுள் எவை குருதியில் தெரியும்? விறகடுப்புப் புகை சூழ்ந்த தோட்டத்து லயன் அறை தெரியாது. வேலைத்தலத்துத் தூசி தெரியாது. மருந்தை இழுக்கும் முறையை எவரும் காட்டிக் கொடுக்காதது தெரியாது. இவற்றை அறியக் கேட்கவேண்டும். கேட்டுச் செவிசாய்க்க வேண்டும்.

இவ்விடத்துப் பிரச்சினையின் மையத்துக்கு வருகிறோம். 2019 இல் உலகில் சுமார் 26 கோடியே 20 இலட்சம் பேருக்கு ஆஸ்துமா இருந்ததாகவும், அவர்களுள் 4 இலட்சத்து 55 ஆயிரம் பேர் அதனால் இறந்ததாகவும் உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது. இறந்தோருட் பெரும்பாலோர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். இவர்கள் நவீன ஊசி மருந்து கிடையாமல் இறந்தவர்களா? அவ்வூசிகள் வேண்டப்படும் கடும் ஆஸ்துமா, நோயாளருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே உண்டு. ஏனையோருக்கு வேண்டியது, 1970களின் தொடக்கத்திலேயே பாவனைக்கு வந்துவிட்ட, மூச்சோடு இழுக்கும் ஸ்டீரொயிட் மருந்து. அதனை நாள்தோறும் ஒழுங்காகப் பெறாது, மூச்சுக்குழாயைச் சற்றுநேரம் விரித்துத் தற்காலிக ஆறுதல் தரும் மருந்தை மட்டும் நம்பியிருப்பதே உயிராபத்து. ஆகவே 2019 முதல், அவ்வாறுதல் மருந்தை மட்டும் கொடுத்து ஆஸ்துமாவுக்குச் சிகிச்சை செய்வதை ஜீனா அமைப்பு கைவிடச் சொல்லிவிட்டது. இவ்வறிவைப் பெறக் குருதியில் ஒரு துளியும் வேண்டியதில்லை.

ஆராய்ச்சியும் பணமும் விளம்பரமும் மட்டும் வேறு திசையிற் செல்கின்றன. காரணம் வெளிப்படை. காப்புரிமை முடிந்த மருந்தில் பல்தேசியக் கம்பனிக்கு இலாபம் குறைவு. புதிய குறிகாட்டி புதிய மருந்துக்கு வாசல்; புதிய மருந்து புதிய விலைக்கு வாசல். இதனை முன்னரே உணர்ந்து செயற்பட்ட பேராசிரியர் சேனக பிபிலே நம் நாட்டவர். 1971 இல் நிறுவப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் மூலம், வர்த்தகப் பெயரைக் கைவிட்டு மருந்தின் பொதுப்பெயராலே கேள்விகோரி வாங்கி, தேவையானதைத் தேவையானவருக்கு மலிவாகக் கொடுக்க அவர் வகுத்த வழியை உலகம் பின்னர் கற்றுக்கொண்டது. அந்நாட்டிலேயே 2022 இல் பொருளாதார நெருக்கடியால் சாதாரண மருந்துகளுக்கும் தட்டுப்பாடு நேர்ந்தது. அத்தகைய நாட்டில் ஆஸ்துமாவின் எதிர்காலம் மூலக்கூற்றில் உள்ளதென்று மேடையேறிப் பேசுவோர், நிகழ்காலம் எங்கே உள்ளதென்றும் கூறக் கடமைப்பட்டவர்.

அவ்வாறெனின் குருதிப் பரிசோதனையை வீசியெறிவதா? அன்று. நம்மிடம் இருப்பதை அறிவோடு பயன்படுத்துவதே வழி. எப்.பி.சி. என்று வைத்தியசாலைகளிற் சொல்லப்படும் சாதாரண முழுக் குருதி எண்ணிக்கையிலேயே இயோசின்நாடியும் எண்ணப்படுகிறது. 1879 இன் அக்கலமே இன்றும் மிக மலிவான, மிகப் பயனுள்ள குறிகாட்டி. அதனைக் குறித்துவைத்தல் வேண்டும். ஒன்றுக்குப் பலமுறை நோக்குதல் வேண்டும். புழுவையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டவர்க்கு இயல்பான அளவு எதுவென்று நம் பல்கலைக்கழகங்களே ஆராய்தல் வேண்டும். இது மருத்துவபீடத்தின் கடமை.

கலைப்பீடத்துக்கும் ஒரு கடமை உண்டு. நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை அறிய ஜீனா அமைப்பு முன்வைப்பவை நான்கே வினாக்கள். கடந்த நான்கு வாரங்களில், பகலில் வாரத்துக்கு இருமுறைக்கு மேல் முட்டு வந்ததா? இரவில் அதனால் விழித்தீரா? ஆறுதல் மருந்து வாரத்துக்கு இருமுறைக்கு மேல் வேண்டியிருந்ததா? செய்யும் வேலை தடைப்பட்டதா? இவற்றுக்கு ஊசியும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். ஒரு பொதுமொழி மட்டும் வேண்டும். தமிழ் பேசும் நோயாளர் தமிழறியாத வைத்தியர் முன் அமர்வது இந்நாட்டில் அன்றாட நிகழ்ச்சி. அங்கே தொய்வென்ற சொல்லும் முட்டென்ற சொல்லும் மேசையைக் கடந்து செல்வதில்லை. எண் மட்டும் கடந்து செல்கிறது. எண்ணின் அதிகாரம் எங்கிருந்து வருகிறதென்பதற்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. மனிதன் சொல்வது கேட்கப்படாத இடத்தில் குருதி மட்டுமே பேசுகிறது.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நாட்டின் எந்தக் கிளினிக்கிலும் மூச்சோடு இழுக்கும் ஸ்டீரொயிட் மருந்து தட்டின்றிக் கிடைத்தல் வேண்டும். அந்நான்கு வினாக்களும் நோயாளியின் மொழியிலே, அவர் வழங்கும் சொல்லிலே கேட்கப்படல் வேண்டும். அதற்கான சொற்களை வட்டாரந்தோறும் திரட்டி மருத்துவபீடத்திடம் கையளிப்பதைத் தமிழ்ச் சங்கங்கள் தம் பணியாக ஏற்றல் வேண்டும். குருதியின் எண்ணை வைத்து ஒருவருக்கு மருந்து மறுக்கப்படுமாயின், அந்த எண்ணை யார், எங்கே, எக்கணக்கைக் கொண்டு வகுத்தனர் என்பது அவருக்குச் சொல்லப்படல் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய பின்னர் குருதி எத்துணை நுட்பமான சாட்சியத்தையும் கூறட்டும், வரவேற்போம். அதுவரை, மூச்சுத்திணறும் மனிதரே இவ்வழக்கின் முதற் சாட்சி. அவரை முதலில் விசாரிக்காது வழங்கப்படும் தீர்ப்பு எதுவும் நீதியாகாது.